கலம் பிடித்த பிறகு நெஞ்சு இறுக்கம் குறைந்தது: படம் எழுதியதாலா, சும்மா உட்கார்ந்ததாலா?

புத்தூர்_மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பிறந்தது பள்ளிப்பட்டுப் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஆந்திராவில் இருக்கிற புத்தூரில். போன ஆடியில் அம்மா தவறிவிட்டார். கடைசி ஐந்து மாதம் நான்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காரியம் முடிந்து இங்கே திரும்பி வந்த பிறகுதான் உடம்பு படுத்த ஆரம்பித்தது. நெஞ்சுக் குழியில் யாரோ கை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது போல இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு தூக்கம் போயிற்று. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்றார்கள். பிரஷர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் காளஹஸ்திக்குப் போய்க் கலம்காரி கற்றுக்கொள்கிறார், கலம் என்கிற மூங்கில் பேனாவால் துணியில் சாயம் தொட்டுப் படம் எழுதுகிற கலை அது. "சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காராதே, வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூடப் படம் வராது. அங்கே சொல்லிக்கொடுக்கிறவர் மூன்று ஞாயிறு என்னை வெறும் கோடு மட்டும்தான் போட வைத்தார்.

கலத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூங்கில் குச்சியை ஒரு முனையில் கூராகச் சீவி, அந்த முனைக்குக் கொஞ்சம் மேலே கம்பளித் துணியைப் பந்து போலச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தப் பந்துதான் சாயத்தைக் குடித்து வைத்திருக்கும். விரலால் அதை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு சாயம் முனைக்கு இறங்கும். அழுத்தம் ஒரு பொட்டு கூடினால் சொட்டிவிடும், குறைந்தால் கோடு நடுவழியில் வறண்டுவிடும். துணி கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறியது. வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் பல நாள் ஊறிய தண்ணீர்தான் கறுப்பு. துணியில் பட்டதும் கறுத்துவிடும், அப்புறம் அழிக்கவே முடியாது.

மூன்றாவது ஞாயிறு கை கழுவ எழுந்து போனபோதுதான் கவனித்தேன், நெஞ்சில் அந்தக் கை இல்லை. எத்தனை மணிக்கு அது போயிற்று என்றும் தெரியவில்லை. அதற்கடுத்த நான்கு ஞாயிறும் பிரஷர் மெஷினைக் கையோடு எடுத்துப் போனேன். போன உடனே 146/94, 142/90 என்று காட்டும். இரண்டரை மணி நேரம் எழுதிவிட்டு எழுந்தால் 130/84 பக்கத்தில் இருக்கும். வியாழக்கிழமை வாக்கில் மறுபடி இறுக்கம் வந்துவிடுகிறது.

இது நிஜமாகவே உடம்பில் நடக்கிறதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு_வாத்தியார்

தங்கச்சி, அம்மாவை இழந்தது பெரிய துக்கம். என் வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் கணக்கில் ஒரு சந்தேகம். போன உடனே அளந்தது பஸ்ஸில் நின்று வந்த களைப்போடு. எழுந்து அளந்தது நிழலில் இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு. நடுவில் வீட்டை விட்டு வெளியே வந்தீர்கள், நான்கு பெண்களோடு பேசினீர்கள், வேறு யாரோ சமைத்ததைச் சாப்பிட்டீர்கள். இதில் எது வேலை செய்தது? படம்தான் என்று எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிறு அதே இடத்துக்குப் போய், கலத்தைத் தொடாமல், ஒரு முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டு அதே இரண்டரை மணி நேரம் உட்காருங்கள். அதிலும் இறங்கினால் காரணம் வேறு. மனம் புண்பட்டால் மன்னியுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வாசல்_கோலம்

வாத்தியார் ஐயா கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அரிசியில் கல் பொறுக்குவதும் இதுவும் ஒன்றில்லை, இரண்டையும் ஐம்பது வருஷமாகச் செய்கிறவள் சொல்கிறேன்.

எனக்கு ஊர் நாகலாபுரம். எங்கள் தெருவில் பாதி வீடு தமிழ், பாதி தெலுங்கு. நாங்கள் கோலம் என்போம், அவர்கள் முக்கு என்பார்கள், மார்கழியில் எல்லார் வாசலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிக்குக் கோலம் போடும்போது புள்ளியைத் தொடாமல் இழை சுற்றி வர வேண்டும், எங்கேயும் அறுந்துபோகாமல் புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர வேண்டும். ஒரு வளைவைப் பிறழ விட்டால் பத்து புள்ளி தள்ளித்தான் தெரியும், அப்போது திருத்தவும் முடியாது. அதனால் மனது வேறு எங்கேயும் போகாது. கல் பொறுக்கும்போது கை பாட்டுக்குப் பொறுக்கும், மனது பாட்டுக்குச் சம்பந்தி சொன்ன வார்த்தையை நினைத்துக் கொதித்துக்கொண்டிருக்கும். எனக்கு அப்படித்தான் நடக்கும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். நீள இழை இழுக்கும்போது மூச்சு தன்னால் மெதுவாகி, இழை முடிகிற இடத்தில்தான் முழுதாக வெளியே போகும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை.

இப்போது மூட்டு தேய்ந்துபோய்க் குனிய முடியவில்லை. ஆறு மாதம் கோலமே போடாமல் இருந்தேன், அந்த ஆறு மாதமும் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன் என்று மருமகளே சொன்னாள். அவள்தான் ஒரு பெரிய கரும்பலகையை மேசை மேல் போட்டு, சாக்பீஸ் வாங்கிக் கொடுத்தாள். விடிகாலையில் அதில் போடுகிறேன். மாவு விரலில் நழுவுகிற சுகம் இல்லைதான், ஆனாலும் போதும்.

வார்டு_7

அக்கா, நான் திருப்பதியில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இரவுப் பணி முடித்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு நடந்ததைப் போன்றதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்டார்கள். 39 பேர், வயது 18 முதல் 59 வரை. களிமண், மார்க்கர் பேனா, காகிதம் வெட்டி ஒட்டுவது என்று எது பிடிக்கிறதோ அதை 45 நிமிடம் செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் எச்சில் எடுத்து கார்ட்டிசால் பார்த்தார்கள். உடம்பு பதற்றத்தில் இருக்கும்போது சுரக்கிற ஹார்மோன் அது. ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குக் குறைந்திருந்தது. முக்கியமான விஷயம், ஏற்கெனவே படம் வரைந்து பழகினவர்களுக்கும் கலர் பென்சிலையே தொடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் "எனக்குப் படம் வராது" என்பது ஒரு தடையே கிடையாது அக்கா.

வாத்தியார் ஐயா உடனே கேட்பார் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வில் சும்மா உட்கார வைத்த இன்னொரு கூட்டம் இல்லை. கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து பொழுது போகப் போகத் தானாகவே இறங்குகிற ஒன்று. நான்கில் ஒரு பங்குப் பேருக்குக் குறையவும் இல்லை. ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு வேறு இருக்கிறது, கோலம் போடுகிற அம்மாவுக்குப் பிடிக்கும். 2005-இல் வெளியானது. 84 கல்லூரி மாணவர்களுக்கு முதலில் கொஞ்சம் பதற்றம் வரவழைத்தார்கள். பிறகு சிலருக்கு மண்டல வடிவம் (வட்டத்துக்குள் கோலம் மாதிரி அடுக்கடுக்காக வருகிற டிசைன்), சிலருக்குக் கட்டம் போட்ட டிசைன், சிலருக்கு வெறும் வெள்ளைத் தாள் கொடுத்து 20 நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். மண்டலமும் கட்டமும் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெள்ளைத் தாள்காரர்களுக்கு அப்படிக் குறையவில்லை. 2012-இல் வேறு ஆட்கள் திரும்பச் செய்தபோது மண்டலம் மட்டும்தான் தேறியது, கட்டம் தேறவில்லை. என் புத்திக்கு எட்டுவது இதுதான்: வெறும் தாளில் என்ன வரைவது என்று முழிப்பதே ஒரு பதற்றம், புள்ளி வைத்துக் கொடுத்தால் கை போவதற்கு வழி இருக்கிறது.

மூச்சு பற்றி அம்மா சொன்னதும் சரி. மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும் விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் அடிக்கும். வெளிமூச்சு நீண்டால் துடிப்பு தணியும். 2001-இல் இத்தாலியில் 23 பேரை வைத்து ஜெபமாலையும் மந்திரமும் சொல்லச் சொல்லிப் பார்த்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்கிற அளவுக்கு வந்து நின்றதாம். சாதாரணமாக நமக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஓடும். பாட்டுப் பாடுகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பிரஷர் மருந்து யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் கலத்தை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள் அக்கா. இரண்டும் இருக்கட்டும்.

காளத்தி_சாயக்காரன்

எல்லோரும் நல்லதைச் சொல்லிவிட்டீர்கள். இதையே பிழைப்பாக வைத்திருப்பவன் பக்கத்தையும் கேளுங்கள்.

பதினாறு வயதில் கலம் பிடித்தேன், இப்போது நாற்பத்தெட்டு. தரையில் சம்மணம் போட்டு, குறும்பலகை மேல் துணியை விரித்துக் குனிந்து எழுதுகிற வேலை. கழுத்தெலும்பு தேய்ந்து வலது கை சுண்டுவிரல் வரை மரத்துப்போகிறது. படிகாரத் தண்ணீரிலும் சாயத்திலும் நனைந்து நனைந்து விரல் நுனி வெடித்திருக்கும். சாயம் காய்ச்சும் நாளில் அண்டா பக்கம் நின்றால் கண்ணும் தொண்டையும் எரியும். பண்டிகைக்கு முன்னால் ஆர்டர் வந்துவிட்டால் ராத்திரி பதினொன்று வரை ஒரே மயில், ஒரே மாங்காய், ஒரே கரை. நாற்பது துப்பட்டாவுக்கு நாற்பது தடவை அதே மயில். அப்போது எனக்கு நெஞ்சு இறுக்கம் குறைந்ததே இல்லை, ஏறித்தான் இருக்கிறது. ஒருவர் ஆறு சேலை வாங்கிப் போய் எட்டு மாதமாகப் பணம் தரவில்லை. அந்த நாட்களில் துணியைக் கையில் எடுத்தாலே வயிறு கலங்கும்.

ஆனால் இதையும் சொல்லியே ஆக வேண்டும். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ பெரிய துணி எனக்காகவே எழுதுகிறேன், ஆர்டர் கிடையாது. புளியங்குச்சிக் கரியால் முதல் கோடு இழுக்கிற அன்றைக்குக் கழுத்து வலி இருந்த இடம் தெரியாது. கண்களைக் கடைசியில்தான் எழுதுவேன், அது என் பழக்கம். கண் எழுதி முடிக்கும்போது கையில் மயிர் சிலிர்க்கும், முப்பது வருஷத்துக்குப் பிறகும். அதே கை, அதே கலம், அதே சாயம். எதற்காக, யார் சொல்லி எழுதுகிறோம் என்பதை வைத்து உடம்பு மாறிவிடுகிறது.

புத்தூர்த் தங்கச்சி, உங்களுக்கு நல்லது நடப்பதில் சந்தோஷம். யாராவது வந்து "இதை விற்றுத் தருகிறேன், மாதம் இத்தனை செய்து கொடு" என்றால் ஒரு வருஷமாவது வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம், முக்கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள். என் வாத்தியார் எனக்கு அதைச் சொல்லவில்லை.

நகரி_தறி

அண்ணன் சொல்வது தறிக்காரர்களுக்கும் பொருந்தும். எங்கள் தாத்தா கைத்தறியில் தாளம் போட்டுக்கொண்டே நெய்வார். இப்போது ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறிக் கூடத்துக்குள் போனால் பேசுவதே கேட்காது. பாட்டு எங்கே வரும்.

ஊத்துக்கோட்டை_தம்பி

இங்கே நான் வித்தியாசமாக ஒன்று சொல்கிறேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். எனக்குப் படம் வரைவது கெடுதல்தான் செய்தது.

தை மாதம் என் நண்பன் பைக் விபத்தில் போய்விட்டான். அன்று நானும் கூட வந்திருக்க வேண்டியது. யாரிடமும் பேச முடியவில்லை. இணையத்தில் எங்கே பார்த்தாலும் மனதில் இருப்பதைக் கொட்டு, வரைந்து கொட்டு, பாரம் இறங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு அந்த ரோட்டையும் அந்த வண்டியையும் கரிக்கட்டியில் வரைந்தேன். ஒரு நோட்டு முழுக்க வரைந்துவிட்டேன். ஒவ்வொரு ராத்திரியும் முடிக்கும்போது கை நடுங்கும், வாய் உலர்ந்துபோகும், விடிகிற வரை தூக்கம் வராது. நாள் ஆக ஆகக் கூடியதே தவிரக் குறையவில்லை. உங்கள் எல்லோருக்கும் நல்லது செய்கிறது எனக்கு மட்டும் ஏன் இப்படி? என்னிடம் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றுகிறது.

வார்டு_7

தம்பி, உன்னிடம் கோளாறு எதுவும் இல்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கொட்டினால் பாரம் இறங்கும் என்பதை ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்கிற இரண்டு உளவியலாளர்கள் பல தடவை சோதித்திருக்கிறார்கள். ஆட்களை முதலில் சோகமான நினைவுக்குக் கொண்டுபோவார்கள். பிறகு ஒரு பகுதியினரை அந்தச் சோகத்தையே வரையச் சொல்வார்கள், இன்னொரு பகுதியினரை அதற்குச் சம்பந்தமில்லாத வேறு எதையாவது வரையச் சொல்வார்கள். சம்பந்தமில்லாததை வரைந்தவர்களுக்குத்தான் மனநிலை அதிகம் தேறியது. ஆக, உனக்கு நடந்தது உனக்கு மட்டும் நடப்பதில்லை.

கொட்டுவதே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் மாணவர்களை நான்கு நாள், தினமும் 15 நிமிடம் மட்டும், தங்களுக்கு நேர்ந்த பெரிய துன்பத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போவது குறைந்தது. இதில் அளவு இருக்கிறது பார்: நான்கு நாள், பதினைந்து நிமிடம். நீ தனியாக, ராத்திரியில், விடியும் வரை, நோட்டு தீரும் வரை செய்திருக்கிறாய். அதே காட்சியை உடம்பு மறுபடி மறுபடி பார்க்கும்போது, இப்போதுதான் நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. கை நடுங்குவதும் வாய் உலர்வதும் அதனால்தான்.

அந்த நோட்டை எரிக்க வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். யாரிடமாவது கொடுத்து வைக்கச் சொல். தயவுசெய்து 14416-க்குக் கூப்பிடு, டெலி மானஸ் என்று மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும், தமிழிலும் பேசலாம். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை என்பதை வரைந்து சரிசெய்ய முடியாது. கூப்பிட்டுவிட்டு இங்கே ஒரு வார்த்தை எழுது.

தர்மராஜா_கோயில்_தெரு

தம்பி, உன் துக்கத்துக்குப் பக்கத்தில் நானும் இருந்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், கேள்.

நான் இருபத்தாறு வருஷமாகக் கூத்தில் வேஷம் கட்டுகிறேன். பாரதம் நடக்கிற ஊர்கள், திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, சித்தூர்ப் பக்கம் என்று எல்லைக்கு இரண்டு புறமும் போவோம். ஆந்திரா ஊர்களில் பாட்டு தமிழில் இருக்கும், கதை சொல்லிச் சிரிக்க வைக்கிற கட்டியங்காரன் பேச்சில் பாதி தெலுங்கு வந்துவிடும்.

கூத்து மனதைச் சாந்தப்படுத்துகிற கலை கிடையாது. முதலில் உடம்பைத் தூக்கி நிறுத்துகிற கலை. முகத்தில் அரிதாரம் பூசி, கட்டைகளைத் தோளிலும் மார்பிலும் கட்டி, கிரீடம் ஏற்றி, காலில் சலங்கை இறுக்கினால் என் குரலே இரண்டு மடங்காகும். கிறுக்கி என்று வேகமாகச் சுழன்று ஆடுவோமே, அதைச் சுற்றி நிற்கும்போது நெஞ்சு அடிப்பது காதில் கேட்கும். துரியோதனன் விழுகிற படுகளம் முடிந்த காலை வேஷம் கலைத்த பிறகும் மத்தியானம் வரை கை நடுக்கம் நிற்காது, சோறு இறங்காது. அப்புறம் ஒரு தூக்கம் வரும் பார், அந்தத் தூக்கத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் என் அண்ணன் லாரி மோதி இறந்தார். சுடுகாட்டில் எனக்குக் கண்ணீர் வரவில்லை. பதினாறாம் நாளும் வரவில்லை. எல்லோரும் கல்நெஞ்சன் என்று பேசினார்கள். தொண்டையில் ஒரு உருண்டை நின்றது, சாப்பாடு அதைத் தாண்டி இறங்காது, எட்டு கிலோ இளைத்துப்போனேன். நான்கு மாதம் கழித்து ஒரு ஊரில் எனக்குக் குந்தி வேஷம். கர்ணனை மடியில் போட்டுக்கொண்டு அழுகிற இடம். நூறு தடவை செய்த இடம்தான். அன்றைக்கு அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன், அந்தக் கனம் அண்ணன் தலைக் கனம் மாதிரி இருந்தது. குரல் உடைந்துவிட்டது, வரி மறந்துவிட்டது.

அப்போது நடந்ததைத்தான் நீ கேட்க வேண்டும். மிருதங்கக்காரர் நிறுத்தவில்லை. அதே காலத்தில் அடித்துக்கொண்டே இருந்தார். பின்பாட்டுக்காரர் நான் விட்ட வரியை எடுத்து இழுத்துக்கொண்டே போனார், முகவீணை கூடவே வந்தது. நான் ஒரு பத்து நிமிஷம் அழுதிருப்பேன், நிஜமாகவே அண்ணனுக்காக. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் அழுதார்கள், அவர்களுக்கு யார் யார் போனார்களோ. பிறகு தாளம் என்னைத் தூக்கி அடுத்த விருத்தத்தில் வைத்தது, எழுந்து பாடினேன். காலையில் நான்கு இட்லி சாப்பிட்டேன். உருண்டை போய்விட்டது.

அதே அழுகையை நான் என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழுதிருந்தால் எங்கே போய் நின்றிருப்பேனோ தெரியாது. எனக்குத் தாளம் இருந்தது, விடிந்தால் முடிந்துவிடும் என்கிற நேரம் இருந்தது, நான் விட்டால் எடுக்க ஆள் இருந்தது. உன் அறையில் இந்த மூன்றும் இல்லை தம்பி. அதுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

கணக்கு_வாத்தியார்

கூத்துக்காரரே, கை எடுத்துக் கும்பிடுகிறேன்.

கணக்கு சொல்லிக்கொடுத்தாலும் தமிழ் படித்தவன், ஒன்று நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்தார். மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் தோன்றுவதைத்தான் அவர் கணக்கில் எடுத்தார். மனசு வேறு உடம்பு வேறு என்று வைத்துக்கொண்டு நான் கேள்வி கேட்டேன். மயிர் சிலிர்த்தது என்கிறார் சாயக்கார அண்ணன், தொண்டையில் உருண்டை நின்றது என்கிறார் கூத்துக்காரர், இதெல்லாம் அந்த எட்டுக்குள் வருகிற சங்கதிதான். எழுதுதல் என்கிற சொல்லையும் பாருங்கள். ஓவியம் எழுதுவது, மை எழுதுவது, கோலம் எழுதுவது எல்லாம் நமக்கு ஒன்றுதான், இந்த இழையிலும் சிலர் படம் எழுதினேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் என் அரிசிக் கேள்வியை நான் விடவில்லை. தங்கச்சி, செய்து பார்த்தீர்களா?

புத்தூர்_மருமகள்

செய்தேன் ஐயா. போன ஞாயிறு அதே தாழ்வாரத்தில், அதே பாயில், முறமும் இரண்டு கிலோ அரிசியும். எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள், அக்காதான் விளக்கம் சொன்னார்.

பிரஷர் இறங்கியது. 144/92 இருந்தது, 134/88 ஆனது. நீங்கள் சொன்னதில் பாதி சரி, உட்கார்ந்ததற்கே இறங்கத்தான் செய்கிறது. ஒரே ஒரு நாளை வைத்து மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

ஆனால் நெஞ்சில் அந்தக் கை போகவில்லை. அரை மணி நேரத்திலேயே அம்மா வந்துவிட்டார். கடைசி வாரம் அவருக்குக் கஞ்சி கொடுக்க அரிசியை இப்படித்தான் பார்த்துப் பார்த்து எடுத்தேன், கல் இருந்தால் தொண்டையில் குத்துமே என்று. கை தானாகப் பொறுக்கியது, நான் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கலம் பிடிக்கும்போது இது நடக்காது. நினைவு வரும், வந்த நொடியில் விரல் இறுகும், சாயம் சொட்டிவிடும். அந்தச் சொட்டைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவேன். என் முதல் துணியில் மயில் கழுத்தில் அப்படி ஒரு கறுப்புச் சொட்டு இருக்கிறது. வாத்தியார் அதை ஒரு இறகுக்கண்ணாக மாற்றிக் காட்டினார். எனக்கு மட்டும் தெரியும் அது என்ன நேரத்தில் விழுந்தது என்று.

சாயக்கார அண்ணா, முக்கால் மணிக்கு ஒரு தரம் எழுந்திருக்கிறேன். வாசல்கோல அம்மா, வியாழக்கிழமை இறுக்கம் வருகிறது என்றேன் அல்லவா, புதன் ராத்திரியிலிருந்து போடத் தோதாகச் சின்னச் சிக்குக் கோலம் ஒன்றுக்குப் புள்ளிக் கணக்கு சொல்லுங்களேன்.

வாசல்_கோலம்

ஏழு புள்ளி, ஒன்று வரை ஊடுபுள்ளி வைத்துக்கொள் அம்மா. நடுப் புள்ளியிலிருந்து ஆரம்பிக்காதே, மேல் ஓரத்திலிருந்து இழு. போட்டோ எடுத்து நாளைக்கு அனுப்பச் சொல்கிறேன் மருமகளிடம்.

ஊத்துக்கோட்டை_தம்பி

வார்டு அக்கா, அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். தமிழில்தான் பேசினார்கள், நாற்பது நிமிடம். அடுத்த வாரம் மாவட்ட மருத்துவமனையில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அம்மாவும் கூட வருகிறார். நோட்டை மாமாவிடம் கொடுத்துவிட்டேன், அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

கூத்துக்கார அண்ணா, எங்கள் ஊரில் பம்பை அடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். நேற்று சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்காமல் குச்சியைக் கையில் கொடுத்தார், ஒரே ஒரு தாளச் சொல்தான், அதையே ஒரு மணி நேரம் அடிக்க வைத்தார். உள்ளங்கையில் கொப்புளம் வந்திருக்கிறது. ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்தேன், எழுந்தபோது மணி நான்கரை.

வார்டு_7

ஐந்து மணி நேரம். கொப்புளத்தை உடைக்காதே தம்பி, தேங்காய் எண்ணெய் தடவு. இன்றைக்கும் போவாயா?

ஊத்துக்கோட்டை_தம்பி

ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.